ஒரே பெட்டியில் இரண்டு பாம்புகள்

வெளிநாட்டு மலைப்பாம்புக் குட்டிகள் இரண்டை வாங்கியிருக்கும் தம் மைத்துனர், அவற்றை ஒரே கண்ணாடிப் பெட்டியில் விடலாமா, தனித்தனியே வைக்க வேண்டுமா என்று பெரம்பலூர் வாசகர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். தனித்தனியே வைப்பதுதான் உத்தமம். நம் நாட்டுப் பாம்பாயிருந்தால், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பிடித்து வளர்ப்பதே குற்றம்.

“ஒன்றின்மேல் ஒன்று சுருண்டு கிடக்கின்றனவே, அது சிநேகமல்லவா?” என்கிறார். பால்யத்தில் எங்கள் வீட்டில் காற்று வரும் இடத்தில் கிடந்த ஒரே கயிற்றுக் கட்டிலில் அண்ணனும் நானும் முட்டி மோதிப் படுத்திருப்பதைக் கண்டவர்களும் எங்கள் சகோதர வாஞ்சையை மெச்சிவிட்டுத்தான் போனார்கள். பெட்டியிலும் உஷ்ணமான மூலையும் ஒளிந்துகொள்ளும் பொந்தும் ஒவ்வொன்றே இருந்தால், பாம்புகள் வேறு எங்கேதான் போகும்? போதாததற்கு, ஒரே எலியை இரண்டும் இருபுறமாகக் கவ்விவிட்டால், ஒன்று மற்றதன் தலையையும் சேர்த்து விழுங்கத் தொடங்கும் அபாயம் உண்டு. கட்டுவிரியன், ராஜநாகம் போன்றவற்றுக்கோ பாம்பே ஆகாரம்.

ஆயினும் இந்த விஷயத்தில் என் மனத்தை நெடுங்காலமாகக் கவர்ந்திருப்பது, நம் சாரைப்பாம்பின் ‘பிணையல்’தான். அரியலூர்ப் பக்கத்து முந்திரிக் கொல்லையொன்றில், இரண்டு பாம்புகள் கயிறு திரித்தாற்போல் முறுக்கிக்கொண்டு, முன்னுடலை நிமிர்த்தி, சரிந்து, மறுபடியும் எழுந்து ஆடிய காட்சியைச் சிறுவனாக நான் கண்டபோது, சாரை பெண்ணென்றும் நாகம் ஆணென்றும் அவை இன்பத்தில் லயித்திருப்பதாகவும் சொல்லி, லக்ஷ்மி கடாக்ஷம் வேண்டி, என் பாட்டி புதுத் துண்டொன்றை அருகே விரித்தாள். உண்மையில் இரண்டுமே ஆண் சாரைகள். அவை நடத்தியது மல்யுத்தம். சாரைக்கும் நாகத்துக்கும் பெண்கள் அந்தந்த இனத்திலேயே இருக்கின்றன. பெரும்பாலும் கடிக்காமல், எதிரியின் தலையைத் தரையில் அழுத்துவதையே வெற்றியாகக் கொள்ளும் இந்தப் போரில் தோற்றது விலகிப் போய்விடும். காட்டில் போக இடமுண்டு, கண்ணாடிப் பெட்டியில் இல்லை.

மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978இல் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார்கூட, வாய்க்குத் துணி கட்டிய மண்பானைகளில் வைத்து விஷம் எடுத்த பாம்புகளைச் சில வாரங்களில் காட்டில் விட்டுவிடுகிறார்கள். நாமோ, பிணையலுக்குத் துண்டு விரித்துவிட்டு, விஷமற்ற அதே சாரை எலி தேடி வெங்காயப் பட்டறைக்கு வந்தால் தடியெடுக்கிறோம். எங்கள் வீட்டுப் பட்டறையில் அப்படி இரண்டு சாரைகளை அடித்தார்கள். பாட்டி பத்திரப்படுத்திய துண்டை மறு வருஷமே எலி கடித்துவிட்டது.