கூரை இல்லாத கார்: முதலில் எங்கே கை வைப்பது?



நம்ம மெக்கானிக்கல் பசங்ககிட்ட "கனவு கார் எது?"ன்னு கேட்டுப் பாருங்க. பாதிப் பேர் கூரையைத் திறந்துவிட்டு ஓட்டும் காரைத்தான் சொல்வாங்க. மேற்படிப்புக்கோ வேலைக்கோ இங்கிலாந்து போகும் நம்மாட்களில் யாராவது ஒருவர் அப்படி ஒரு பழைய காரை வாங்கியும் விடலாம். அந்த ஒருவர் நீங்கள்தான் என்று வைத்துக்கொள்வோம். கார் வீட்டு வாசலில் நிற்கிறது. சாவி கையில். அடுத்து என்ன செய்வீர்கள்? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

உதாரணத்துக்கு எம்ஜிபி ரோட்ஸ்டர் காரை எடுத்துக்கொள்வோம். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் ஊரில் தயாரானது. இரண்டு சீட், துணிக் கூரை, 1798 சிசி இன்ஜின், இரட்டை கார்புரேட்டர். கூரை மூடிய ஜிடி மாடலையும் சேர்த்தால் 5 லட்சத்துக்கும் மேல் விற்றது. அதனால் இன்றும் ஸ்பேர் பார்ட்ஸ் தாராளமாகக் கிடைக்கிறது. இன்னொரு விஷயம்: அந்த இன்ஜின் பிஎம்சி நிறுவனத்தின் 'பி சீரிஸ்' குடும்பம். நம்ம பழைய அம்பாசடரில் இருந்த 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் அதே குடும்பம்தான். பெரியப்பா வீட்டு அம்பாசடரின் பானட்டைத் திறந்து பார்த்தவர்களுக்கு எம்ஜிபியின் பானட் அந்நியமாக இருக்காது.

முதல் வாரத்து ஆசை

புதிதாக வாங்கியவர் செய்யும் முதல் தப்பு என்ன தெரியுமா? பளபள வீல், புது பெயின்ட், பெரிய கார்புரேட்டர் என்று லிஸ்ட் போடுவது. காசு கரையும், கார் கிடப்பில் போகும்.

சரியான வரிசை இதுதான்: முதலில் பாடி, பிறகு பிரேக், பிறகு வயரிங், பிறகு இன்ஜின். அப்கிரேடு கடைசியில். ஏன் இந்த வரிசை?

மூடியில்லாத பெட்டி

ஒரு ஷூ பெட்டியை மூடியோடு பிடித்து முறுக்கிப் பாருங்கள், கஷ்டம். மூடியை எடுத்துவிட்டு முறுக்குங்கள், சுலபமாக வளையும். சாதாரண காரில் கூரைதான் அந்த மூடி. எம்ஜிபியில் தனியாக சேஸிஸ் கிடையாது, பாடியே சேஸிஸ். கூரையும் இல்லை. அப்படியென்றால் முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் இணைத்து நிறுத்துவது எது? நடுவில் ஓடும் டனலும், இரண்டு கதவுகளுக்கும் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதியும். அந்தப் பெட்டிக்கு 'சில்' என்று பெயர். பல தகடுகளைச் சேர்த்து வெல்டிங் செய்து, மூடிய குழாய் மாதிரி ஆக்கியிருப்பார்கள்.

இங்கேதான் நம்ம எஸ்ஓஎம் பேப்பர் உதவிக்கு வருகிறது. 100 மில்லிமீட்டர் பக்கமும் 1 மில்லிமீட்டர் தகடும் கொண்ட ஒரு சதுரக் குழாய் என்று வையுங்கள். மூடிய குழாய்க்கு டார்ஷன் கான்ஸ்டன்ட் சுமார் 10 லட்சம் மி.மீ.⁴. அதே குழாயில் நீளவாக்கில் ஒரே ஒரு கீறல் விட்டால் அது வெறும் 133 மி.மீ.⁴. அதாவது 7500 மடங்கு குறைவு! தகடு ஒரு கிராம்கூடக் குறையவில்லை, பெட்டி திறந்துகொண்டது, அவ்வளவுதான். நம்பிக்கை இல்லையா? ஒரு ஏ4 தாளைக் குழாயாக உருட்டி, விளிம்பை நீளமாக டேப் ஒட்டி முறுக்குங்கள். அப்புறம் டேப்பைக் கிழித்துவிட்டு முறுக்குங்கள்.

காரின் சில் முழு நீளத்துக்கும் ஒரேயடியாகத் துருப்பிடித்துத் திறப்பதில்லை, இந்தக் கணக்கு எல்லைநிலைக்கானது. ஆனாலும் இங்கிலாந்தின் மழையும், பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் சேர்ந்து தின்பது இந்த இணைப்புகளைத்தான். வெளித் தகட்டில் பட்டி பார்த்து பெயின்ட் அடித்துவிட்டால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே பெட்டி போயிருக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

1. ஒரு சின்ன காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, சில் மேல் நகர்த்துங்கள். ஒட்டாமல் நழுவும் இடத்தில் இருப்பது இரும்பல்ல, பட்டி.

2. கதவு மூடியிருக்கும்போது அதன் பின்விளிம்பில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். மேலே குறுகி, கீழே விரிந்திருந்தால் கார் நடுவில் தொய்ந்திருக்கிறது.

3. ஜாக்கி போட்டுத் தூக்கும்போது அந்த இடைவெளி கண்ணெதிரே மாறுகிறதா, கதவு இறுகுகிறதா என்று கவனியுங்கள். மாறினால் வேறு எந்த வேலைக்கும் பணம் எடுக்காதீர்கள். வெல்டிங்தான் முதல் வேலை.

இதில் ஒரு பெரிய ஆபத்து. பழைய சில்லை வெட்டி எடுத்ததும், காரை நேராக வைத்திருந்த முக்கியமான பாகம் போய்விடுகிறது. அந்த நேரத்தில் கார் கொஞ்சம் வளைந்தாலும், புதுத் தகட்டை வெல்டிங் செய்தபின் அந்த வளைவு நிரந்தரம். கதவு என்றைக்கும் சரியாக மூடாது. எனவே வெட்டுவதற்கு முன்பே, கதவு திறப்பின் குறுக்கே முன் தூணையும் பின் தூணையும் இணைத்து ஸ்டீல் பைப் வைத்து வெல்டிங் செய்துகொள்ள வேண்டும். கார் சமமாகத் தாங்கப்பட்டிருக்க வேண்டும். ஒரு பக்கம் முழுதாக முடிந்த பிறகே மறுபக்கம். பாடி முழுக்கவே போய்விட்டது என்றாலும் வழி உண்டு: பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் 1988 முதல் எம்ஜிபிக்குப் புத்தம் புது பாடி ஷெல்லே செய்து விற்கிறது. விலையைப் பார்த்தால், முதலிலேயே காந்தத்தோடு போயிருக்கலாமே என்று தோன்றும்!

அடியில் படுத்து வேலை பார்க்கும்போது ஜாக்கியை மட்டும் நம்பவே கூடாது. ஆக்ஸில் ஸ்டாண்டு கட்டாயம். இதில் காம்ப்ரமைஸ் வேண்டாம் நண்பா.

ஓடுவதற்கு முன் நிற்கணும்

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் கொதிநிலை இறங்கும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடானதும் உள்ளே ஆவி உண்டாகி, பெடல் தரைவரை போய்விடும். ஆண்டுக்கணக்கில் நின்ற கார் என்றால் முழுதாக வடித்து, புது ஆயில் ஊற்றுங்கள்.

ரப்பர் ஹோஸ் இன்னொரு வில்லன். வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே வீங்கி அடைத்திருக்கும். பெடலை மிதித்தால் அழுத்தம் போகும், விட்டால் திரும்பி வராது. ஒரு சக்கரம் மட்டும் பிடித்துக்கொண்டே ஓடும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நான்கு வீல்களின் சூட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள், எந்தச் சக்கரம் என்று தெரிந்துவிடும்.

ஆரம்ப கால எம்ஜிபிகளில் பிரேக் சர்க்யூட் ஒன்றே ஒன்றுதான். எங்காவது ஒரு பைப் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போச்சு. ஆகவே இரட்டை சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டருக்கு மாறுவது நிஜமாகவே உபயோகமான அப்கிரேடு.

இங்கிலாந்தில் 40 ஆண்டு தாண்டிய, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத கார்களுக்கு எம்ஓடி எனப்படும் வருடாந்திரச் சோதனை கட்டாயமில்லை. ஆனால் கார் பாதுகாப்பான நிலையில் இருக்க வேண்டும் என்ற சட்டப் பொறுப்பு உரிமையாளருக்கு அப்படியே இருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால், சரிபார்க்க வேறு யாரும் வரமாட்டார்கள். நீங்கள்தான் பார்க்கணும். கட்டாயமில்லாவிட்டாலும் சோதனைக்கு நீங்களே கொண்டுபோகலாம். அது நல்ல பழக்கம்.

வயரிங்: குற்றவாளி யார்?

பிரிட்டிஷ் கார் என்றாலே லூகாஸ் எலக்ட்ரிகல் சாமான்களைக் கிண்டலடிப்பது வழக்கம். உண்மையில் பாதி கோளாறு பார்ட்டில் இல்லை, துருப்பிடித்த எர்த்தில்தான் இருக்கும். கணக்குப் போடுவோம். 12 வோல்ட், 55 வாட் ஹெட்லைட் பல்பின் ரெசிஸ்டன்ஸ் எரியும்போது சுமார் 2.6 ஓம். எர்த் இணைப்பில் வெறும் 0.5 ஓம் துரு சேர்ந்தால் கிட்டத்தட்ட 2 வோல்ட் அங்கேயே போய்விடும். பல்புக்குக் கிடைப்பது தோராயமாக 39 வாட். புது பல்பு மாற்றி என்ன பயன்? போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, திரும்ப முடுக்குங்கள். செலவு ஏறக்குறைய பூஜ்ஜியம்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, 1967 வரை வந்த எம்ஜிபிகளில் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். இடையில் யாராவது மாற்றியும் இருக்கலாம். மீட்டர் வைத்துப் பார்க்காமல் எலக்ட்ரானிக் சாமான் எதையும் மாட்டினால் நொடியில் புகைந்துவிடும். இரண்டு, ஆரம்ப கார்களின் ஃபியூஸ் பெட்டியில் இரண்டே ஃபியூஸ்கள்தான். ஹெட்லைட் சர்க்யூட்டுக்கு ஃபியூஸே கிடையாது. ஹெட்லைட்டுக்கு ரிலேயும் ஃபியூஸும் சேர்ப்பது சின்னச் செலவு. வெளிச்சம் கூடும், பழைய ஸ்விட்ச் பிழைக்கும், தீப்பிடிக்கும் பயமும் குறையும்.

இன்ஜின்: முதலில் கேளுங்கள்

கழற்றுவதற்கு முன் கம்ப்ரஷன் டெஸ்ட். நான்கு சிலிண்டரும் நெருங்கிய அளவு காட்டினால் நிம்மதி. ஒன்று குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வைச் சந்தேகப்படலாம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குறைந்தால் பெரும்பாலும் ஹெட் கேஸ்கட்.

இந்த இன்ஜின் வடிவமைக்கப்பட்டது ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தில். அந்த ஈயம் வால்வு சீட்டுக்கு ஒரு மெத்தை போல இருந்தது. இப்போது அது இல்லை. எனவே ஹெட்டைக் கழற்றும் வேலை வந்தால், எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கடினமான சீட் போட்டுவிடுவது நல்லது. 2021 செப்டம்பரில் இங்கிலாந்தின் சாதாரண பெட்ரோல் 10 சதவீதம் எத்தனால் கலந்த இ10 ஆனது. நம்ம ஊர் இ20 விவாதம்போல அங்கேயும் ஒரு விவாதம். பழைய ரப்பர் பெட்ரோல் ஹோஸை எத்தனால் கெடுத்துவிடும். இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஹோஸ்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள்.

இரட்டை கார்புரேட்டரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு ரப்பர் டியூபின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் வைத்துக் கேளுங்கள். 'ஸ்ஸ்ஸ்' சத்தம் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும்வரை ஸ்க்ரூவைத் திருப்புங்கள். ஆனால் அதற்கு முன்பே பாயின்ட் கேப், டைமிங், வால்வு கிளியரன்ஸ் மூன்றையும் சரிசெய்திருக்க வேண்டும். கார்புரேட்டர் கோளாறு என்று நினைக்கும் பல விஷயம் கடைசியில் ஸ்பார்க் கோளாறாகத்தான் முடியும்.

இப்போ அப்கிரேடு!

பொறுமையாக இருந்தீர்கள், இனி ஆசைப்படலாம். தேயும் பாயின்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன். டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர். ஹைவேயில் இன்ஜின் கத்தாமல் இருக்க ஓவர்டிரைவ் அல்லது ஐந்து கியர் பாக்ஸ். 1974 கடைசியில் ரப்பர் பம்பரோடு வந்த மாடல்களை உயரம் கூட்டி விற்றார்கள். அதைப் பழைய உயரத்துக்கு இறக்கினால் வளைவுகளில் சாய்வது குறையும்.

பெரிய இன்ஜின்? 1973 முதல் 1976 வரை 3528 சிசி ரோவர் வி8 இன்ஜினோடு 137 குதிரைத்திறனில் ஒரு எம்ஜிபி வந்தது. ஆனால் கம்பெனி அதைக் கூரை மூடிய ஜிடி மாடலில் மட்டுமே விற்றது. ரோட்ஸ்டரில் அதை ஏற்ற நினைத்தால் பிரேக், பின் ஆக்ஸில், ரேடியேட்டர், சில் எல்லாவற்றையும் மறுபடி கணக்குப் போட வேண்டும். சோதனை விலக்கையும் இழக்க நேரலாம்.

ஒரு விதி மட்டும் மறக்காதீங்க: ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். மாற்று, ஓட்டிப் பார், நோட்டில் எழுது. மூன்றை ஒன்றாக மாற்றி கார் ஸ்டார்ட் ஆகாவிட்டால், எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது. கழற்றிய பழைய பார்ட்டைப் பெயர் எழுதிப் பெட்டியில் வையுங்கள்.

கடைசியாகத் துணிக் கூரை. வினைல் குளிரில் சுருங்கும். நல்ல வெயில் நாளாகப் பார்த்து, விரித்து வைத்துச் சூடேறிய பிறகு மாட்டுங்கள். குளிரில் இழுத்து மாட்டப் பார்த்தால் கைதான் வலிக்கும். கதவின் கீழும் சில்லின் கீழும் உள்ள சின்ன வடிகால் ஓட்டைகளை ஒரு கம்பியால் குத்தி அடைப்பு எடுங்கள். இவ்வளவு செலவு செய்து போட்ட தகடு, அந்த ஓட்டை அடைத்திருந்தால் உள்ளிருந்தே மறுபடி துருப்பிடிக்கத் தொடங்கிவிடும்.

கார் இல்லாதவர்கள் இன்றைக்கு ஏ4 தாள் சோதனையை மட்டுமாவது செய்து பாருங்கள். எஸ்ஓஎம் எக்ஸாமில் டார்ஷன் கேள்வி வந்தால் கை நடுங்காது. அடுத்த இதழில் சந்திப்போம்!