பாம்புக்கு மெத்தை போடும் தேங்காய் மட்டை
கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு புற்று!

பாம்பு என்றால் படையும் நடுங்கும் என்பார்கள். அமெரிக்காவில் பாம்பே நடுங்குகிறது. குளிரால்!

அங்கே பல வீடுகளில் நாய், பூனை வளர்ப்பதுபோல் பாம்பும் வளர்க்கிறார்கள். கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் மெத்து மெத்தென்று ஒரு படுக்கை. அதன் மேல் சுருண்டு படுத்திருக்கிறது, 4 அடி நீளப் பாம்பு.

அந்தப் படுக்கை எதனால் ஆனது தெரியுமா? தேங்காய் மட்டையில் இருந்து வந்த தூள்!

பொள்ளாச்சிப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். மட்டையை அடித்து நார் எடுப்பார்கள். நார் போக மிஞ்சுவது பழுப்பு நிறத் தூள். ஒரு காலத்தில் இதை யாரும் சீந்தவில்லை. நார் ஆலைகளின் ஓரத்தில் மலை மலையாகக் குவிந்து கிடந்தது. சீக்கிரத்தில் மக்கவும் மக்காது. இப்போது அதைக் காயவைத்து, செங்கல்போல் அழுத்தி, கப்பல் ஏற்றுகிறார்கள். இலங்கையில் இருந்தும் போகிறது. பெரும் பகுதி செடி வளர்ப்பதற்கு. கொஞ்சம் பாம்புப் பெட்டிக்கு.

"பாம்புக்கு எதற்கு மெத்தை? அது கேட்டதா?" என்று நீங்கள் சிரிக்கலாம். கேட்கவில்லைதான். ஆனால் படுக்கையும் சூடும் ஈரமும் சரியில்லை என்றால் அதற்கு நோய் வருகிறது. உயிரே போய்விடுவதும் உண்டு.

பால் குடிக்காத "பால்" பாம்பு

அமெரிக்க வீடுகளில் மிகுதியாக வளர்க்கப்படும் பாம்புகளில் ஒன்றுக்கு "பால் பைத்தான்" என்று பெயர். பாலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பால் என்றால் ஆங்கிலத்தில் பந்து. பயந்தால் இது சீறாது, ஓடாது. தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்துபோல் சுருண்டுவிடும். மலைப்பாம்பு இனத்தில் சின்னது. 3 அடி முதல் 5 அடி வரை வளரும். விஷம் கிடையாது.

இதன் சொந்த ஊர் ஆப்பிரிக்கா. கானா, டோகோ, பெனின் நாடுகளில் இருந்து ஏராளமாக ஏற்றுமதி ஆகியிருக்கிறது. பெனின் நாட்டில் உய்தா என்ற ஊரில் இந்தப் பாம்புகளுக்கு ஒரு கோவிலே இருக்கிறது. அங்கே யாரும் அவற்றை அடிப்பது இல்லை.

காட்டில் இது எங்கே குடியிருக்கிறது? எலி வளையிலும் கரையான் புற்றிலும்! கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிகொண்டது என்று நம் பெரியவர்கள் சொன்னார்களே, ஆப்பிரிக்காவிலும் அதே கதைதான்.

வெளியே நடுப்பகல் வெயில் கொளுத்தும். புற்றுக்குள் அந்தச் சூடு இறங்காது. இரவில் குளிரும். அதுவும் உள்ளே எட்டாது. மண்ணின் ஈரம் மட்டும் எப்போதும் இருக்கும். இதைத்தான் கண்ணாடிப் பெட்டிக்குள் செய்து காட்ட வேண்டும். பெட்டி வாங்குவது சுலபம். புற்றைக் கட்டுவதுதான் கஷ்டம்.

ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் நிழல்

நம் உடம்புச் சூடு 98.4 டிகிரி. வெயிலில் நின்றாலும் மழையில் நனைந்தாலும் ஏறத்தாழ அதுதான். பாம்புக்கு அப்படி இல்லை. சுற்றுப்புறம் என்ன சூடோ, அதற்குத் தகுந்தபடி அதன் உடம்பும் இருக்கும். குளிர்ந்துவிட்டால் விழுங்கிய எலி செரிக்காது. கக்கிவிடும். சூடு எல்லை மீறினால் வியர்த்துத் தணித்துக்கொள்ளவும் வழி இல்லை. செத்துப் போகும்.

அதனால் பெட்டி முழுவதும் ஒரே சூடாக இருப்பது தப்பு. ஒரு ஓரம் 90 டிகிரி பாரன்ஹீட் (சுமார் 32 டிகிரி செல்சியஸ்) இருக்க வேண்டும். எதிர் ஓரம் 78 டிகிரி (சுமார் 26 டிகிரி செல்சியஸ்) போதும். வயிறு நிறைந்தால் பாம்பு சூட்டுப் பக்கம் போகும். போதும் என்று தோன்றினால் இந்தப் பக்கம் வந்துவிடும். எப்போது எங்கே போக வேண்டும் என்று அதற்குத் தெரியும். போக இடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதில் ஒரு நுட்பம். ஒளிந்துகொள்ள இரண்டு வீடு வேண்டும், இந்த ஓரத்தில் ஒன்று, அந்த ஓரத்தில் ஒன்று. கவிழ்த்த பூந்தொட்டி போதும். பாம்பு நுழைய ஒரு வாசல் மட்டும் இருக்க வேண்டும். ஒரே வீட்டை வைத்து, அதையும் குளிர்ந்த பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும்? பாம்புக்குப் பயம் பெரிது. வெளியே வராமல், குளிரிலேயே விறைத்துக் கிடக்கும். "எங்கள் பாம்பு சாப்பிட மாட்டேன் என்கிறது" என்று வருகிறவர்களிடம் பாம்பு வைத்தியர்கள் முதலில் கேட்பது சூட்டைப் பற்றியும் ஒளியும் இடத்தைப் பற்றியும்தான்.

வயிறு வெந்த பாம்பு

சூடு கொடுக்கப் பெட்டியின் அடியில் மின்சார விரிப்பு வைப்பார்கள். ஒரு காலத்தில் மின்சாரத்தால் சுடும் கல் ஒன்றும் பாம்புப் பெட்டிகளில் இருந்தது. பாம்பு அதன் மேல் சுகமாகப் படுக்கும். சூடு ஏறிக்கொண்டே போகும். பாம்பு எழுந்து போகாது. வயிற்றுத் தோல் வெந்துபோன பிறகுதான் வீட்டுக்காரர் கண்ணில் படும்.

இது பெரிய விந்தை. இந்தப் பாம்பின் உதட்டில் சிறு குழிகள் இருக்கின்றன. கும்மிருட்டிலும் எலியின் உடம்புச் சூட்டை அவை கண்டுபிடித்துவிடும். அப்படிப்பட்ட பாம்பு, தன் அடிவயிறு வேகும்போது பேசாமல் படுத்துக்கிடக்கிறது!

ஆகவே மின்சார விரிப்புக்கு "தெர்மோஸ்டாட்" என்ற கருவி கட்டாயம். குறித்த சூடு வந்ததும் அது மின்சாரத்தை நிறுத்திவிடும். சூடுமானியும் ஒன்று போதாது, இரண்டு வேண்டும். படுக்கை மட்டத்தில், ஓரத்துக்கு ஒன்று. கண்ணாடியின் நடுவில் அழகாக ஒட்டி வைத்திருப்பார்கள். அது காற்றின் சூட்டைத்தான் காட்டும். பாம்பு படுப்பது கீழே! கையால் தொட்டுப் பார்ப்பதும் பயன் இல்லை. நம் கைக்கு இதமாகத் தெரிவது வேறு, பாம்புக்கு இதம் வேறு.

இந்தத் தாளும் படுக்கைதான்

இனி படுக்கைக்கு வருவோம். மிகவும் மலிவான படுக்கை எது? உங்கள் கையில் இருக்கும் பத்திரிகைதான்! கோபிக்க வேண்டாம், உண்மை. புதிதாக வந்த பாம்புக்கும் நோய்ப்பட்ட பாம்புக்கும் தாள்தான் நல்லது. கழிவு உடனே தெரியும். உண்ணி இருந்தால் தெரியும். சுருட்டி எறிந்துவிட்டு வேறு தாள் விரிக்கலாம். ஒரே குறை, தாள் ஈரத்தைத் தாங்காது.

மரச் சீவல் போடுகிறவர்களும் உண்டு. வாசனை வீசும் செடார் மரச் சீவல் மட்டும் கூடவே கூடாது. நமக்கு மணம், பாம்பின் மூச்சுக்கு அது நஞ்சு. ஆஸ்பென் என்ற மரத்தின் சீவல், வறண்ட இடத்துப் பாம்புகளுக்குச் சரி. நனைந்தால் பூசணம் பிடித்துவிடும்.

மணல் போட்டால் என்ன என்று தோன்றும். நம் செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில், இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-ல் தொடங்கப்பட்டது. விஷ முறிவு மருந்துக்காக விஷம் எடுக்கும் பாம்புகளை அங்கே மண் பானையில் வைத்தார்கள். அடியில் மணல், வாயில் துணிக்கட்டு. தண்ணீர்ப் பானை எப்படிக் குளிர்ச்சியோ, அப்படி அதுவும் குளிர்ச்சி. கண்ணாடிப் பெட்டிக்கு இல்லாத சுகம் அது. ஆனால் அந்தப் பாம்புகள் நம் மண்ணின் பாம்புகள். சில வாரம் வைத்திருந்து காட்டில் விட்டுவிடுவார்கள். ஆண்டுக்கணக்காகப் பெட்டியில் இருக்கும் ஆப்பிரிக்கப் பாம்புக்கு வெறும் மணல் ஆகாது. ஈரம் நிற்காது. இரையோடு ஒட்டிக்கொண்டு வயிற்றுக்குள்ளும் போகும்.

இங்கேதான் தென்னை நார்த்தூள் ஜெயிக்கிறது! தன் எடையைப்போல் பல மடங்கு தண்ணீரை அது குடிக்கும். குடித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் விடும். தூள் கட்டியை வாளியில் போட்டு வெந்நீர் ஊற்றினால் பொங்கி எழும். பிறகு நன்றாகப் பிழிய வேண்டும். பதம் எப்படி? புட்டு மாவு பதம்தான். பிடித்தால் பிடியில் நிற்க வேண்டும். விரலால் தட்டினால் உதிர வேண்டும். தண்ணீர் சொட்டக் கூடாது. 2, 3 அங்குல உயரம் பரப்பி, மேல்பகுதியைக் காயவிட வேண்டும். பிறகு தண்ணீர் விடும்போது மேலே தெளிக்காமல், மூலைகளில் ஊற்ற வேண்டும். அடியில் ஈரம், மேலே உலர்வு. புற்று மண்ணும் அப்படித்தானே! முழுதும் காயவிட்டாலோ கோலமாவுபோல் தூசி பறந்து பாம்பின் மூக்கில் ஏறும்.

சட்டை சொல்லும் சேதி

காற்றில் ஈரம் 100-க்கு 60 பங்கு அளவில் இருக்கலாம் என்பது கணக்கு. சென்னைவாசிகளுக்கு இது ஒன்றும் பெரிதல்ல. கடற்காற்று அதற்கு மேலேயே கொண்டு வந்து கொட்டும். அமெரிக்காவில் குளிர்காலத்தில் வீட்டுக்குள் கணப்பு எரிவதால் காற்று வறண்டுவிடும். அப்போதுதான் கஷ்டம்.

ஈரம் சரியா என்பதைப் பாம்பின் சட்டை சொல்லிவிடும். சட்டை உரிக்கும் முன் கண்கள் பால் கலந்த நீலமாக மங்கும். பிறகு தெளியும். சில நாளில் மூக்கு நுனியில் தொடங்கி, காலுறையைக் கழற்றுவதுபோல் உள்வெளியாக ஒரே துண்டாக உரித்துவிடும். துண்டு துண்டாக உரித்தால் காற்று வறண்டிருக்கிறது என்று அர்த்தம்.

பாம்புக்கு இமை கிடையாது. கண்ணின் மேல் கண்ணாடிபோல் ஒரு செதில் மூடியிருக்கும். வறட்சியில் பழைய செதில் கழன்று வராமல் ஒட்டிக்கொள்ளும். அதை இடுக்கியால் பிடுங்கிக் கண்ணையே கெடுத்தவர்கள் உண்டு. பிடுங்கவே கூடாது. நனைத்துப் பிழிந்த துணி போட்ட பெட்டியில், மூடியில் துளை இட்டு, சில மணி நேரம் விட்டால் தோல் இளகும். அப்படியும் கண் செதில் வரவில்லை என்றால் வைத்தியரிடம் போக வேண்டும்.

ஈரம் அதிகமானால் வேறு ஆபத்து. நசநசப்பில் கிடந்து வயிற்றுச் செதில் சிவக்கும். கொப்புளம் வரும். அழுகும். குளிரும் சேர்ந்துகொண்டால் நெஞ்சுச் சளி. வாயைத் திறந்து மூச்சு விட்டாலும், மூக்கில் குமிழி வந்தாலும் அதுதான். பாம்பால் நம்மைப்போல் இருமித் துப்ப முடியாது.

இரண்டு பெட்டி, 45 பாம்பு

படித்துவிட்டு யாரும் பாம்பைத் தேடிப் போய்விட வேண்டாம். நல்ல பாம்பு, மலைப்பாம்பு, சாரை போன்ற நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பது 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டுப் பாம்பானாலும், பால் பைத்தான்போல் உலக நாடுகளின் ஒப்பந்தப் பட்டியலில் உள்ள உயிரை வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-ல் விதி வந்தது.

2023 ஜனவரியில், சென்னை விமான நிலையத்தில் கேட்பார் இல்லாமல் இரண்டு பெட்டிகள் கிடந்தன. பாங்காக்கில் இருந்து வந்தவை. சுங்க அதிகாரிகள் திறந்தார்கள். உள்ளே 45 பால் பைத்தான்கள்! சூட்டுப் பக்கமும் இல்லை, நிழல் பக்கமும் இல்லை. அத்தனையும் பாங்காக்குக்கே திருப்பி அனுப்பப்பட்டன.

அதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு பாம்பு, அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகர மிருகக்காட்சி சாலையில் இருந்தது. 1961-ல் ஒரு வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்தது. 2020 ஜூலை மாதம் அது 7 முட்டைகள் இட்டது. அப்போது அதற்குக் குறைந்தது 62 வயது! 15 ஆண்டுகளுக்கும் மேலாக ஆண் பாம்பின் அருகில் அது இருந்ததே இல்லை. முட்டைச் செய்தியைத்தான் உலகப் பத்திரிகைகள் எல்லாம் போட்டன. 59 ஆண்டுகளாக யாரோ ஒருவர் தினமும் அதற்குச் சூடு பார்த்து, படுக்கை மாற்றி வந்திருக்கிறார்கள்.