வளையும் கைக்கும் கணக்கு உண்டு

நீளத் துறட்டியால் பலாக்காய் பறித்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. கையை நிறுத்தினாலும் நுனி நிற்காது. அந்த ஆட்டம் அடங்கும்வரை கொக்கியைக் காம்பில் மாட்ட முடியாது. நீளமும் இலேசும் சேர்ந்த ரோபோக் கைக்கும் இதே தொல்லைதான்.

தொழிற்சாலை ரோபோக்கள் இதைப் பருமனால் சமாளிக்கின்றன. கையைத் தடித்த உலோகத்தில் வார்த்துவிட்டால் வளைவை மறந்துவிடலாம். ஆறு மூட்டு என்றால் ஆறு கோணங்கள்; நுனி எங்கே நிற்கிறது என்பதை அவையே சொல்லிவிடும். ஆனால் பதுளை மாவட்டத்து லுணுகலையின் ஹொப்டன், அடாவத்தைத் தோட்டச் சரிவுகளில் அந்தப் பாரத்தை யார் ஏற்றுவது? தோட்டப் பாதையில் நின்றபடி கீழே உள்ள தேயிலைச் செடியை எட்ட ஒரு இயந்திரக் கை வேண்டுமானால், அது மெலிந்து நீண்டதாகவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டியே கவிழும். மெலிந்தால் வளையும். ஆகவே வளைவைக் கணக்கில் சேர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அந்தக் கணக்குக் கடினமானது. வளையும் கம்பியின் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியே அசையும். அத்தனைக்கும் சமன்பாடு எழுதி முடியாது. பொறியியலாளர்கள் வேறு வழி கண்டார்கள். கம்பி எப்படி ஆடினாலும் அது சில அடிப்படை வளைவு வடிவங்களின் கூட்டுத்தான். மெதுவாக ஆடும் முதல் இரண்டு மூன்று வடிவங்களை எடுத்துக்கொண்டு மீதியை விட்டால் பெரும்பாலும் போதும். பல மூட்டுகள் கொண்ட கைக்கு இந்த வழியில் சமன்பாடுகளை ஒழுங்காக எழுதும் முறையை அமெரிக்காவின் ஜோர்ஜியா டெக்கில் பணியாற்றிய வெய்ன் புக் 1984-இல் வெளியிட்டார்.

இதன் சாரத்தை மேசையிலேயே பார்க்கலாம். இரும்பறுக்கும் வாளின் மெல்லிய பிளேடு ஒன்றை 24 செ.மீ. வெளியே நீட்டி இறுக்கித் தட்டுங்கள். செக்கனுக்கு ஏறத்தாழ 9 தடவை ஆடும். நீளத்தை 12 செ.மீ. ஆக்கினால் மீடிறன் இரட்டிக்காது, நான்கு மடங்காகி 36-ஐ எட்டும். மறுபடி 24 செ.மீ. நீட்டி நுனியில் ஐந்து ரூபாய்க் குற்றியை ஒட்டினால் 9 என்பது 5 அளவுக்கு இறங்கிவிடும். கொழுந்தோ வேறு சுமையோ ஏறியதும் கையின் குணமே மாறுகிறது என்பது இதுதான். வெறுங்கைக்குப் போட்ட கணக்கு சுமை தூக்கிய கைக்கு உதவாது.

கணக்கை நம்பியே கட்டப்பட்ட கை ஒன்று உண்டு. விண்ணோடத்தில் 1981 நவம்பரில் முதன்முதலாகப் பறந்த கனடார்ம் 15.2 மீற்றர் நீளம், 410 கிலோ எடை. விண்வெளியில் 29 தொன் பொருளையும் நகர்த்த வடிவமைக்கப்பட்ட அதற்கு, பூமியில் தன் சொந்த எடையையே தூக்க வலு இல்லை. தட்டையான தளத்தில் காற்று மெத்தைமேல் வைத்துக் கிடையாக ஆட்டிப் பார்க்கலாமே தவிர, முழு அசைவையும் சோதிக்க வழியில்லை. மிச்சத்தையெல்லாம் கணினி மாதிரிதான் சொன்னது. வெறுங்கையாகச் செக்கனுக்கு 60 செ.மீ. வேகத்தில் போகக்கூடியதைப் பெருஞ்சுமையோடு 6 செ.மீ.க்குக் கட்டுப்படுத்தினார்கள்.

மாதிரி கையில் இருந்தால் ஆட்டத்தை அடக்கவும் வழி பிறக்கிறது. எம்.ஐ.டி.யின் சிங்கரும் சீரிங்கும் 1990-இல் விளக்கிய முறையில், ஒரே தள்ளலை இரண்டாகப் பிரித்து, இரண்டாவதை அரை அலைவு கழித்துக் கொடுக்கிறார்கள். முதலாவது கிளப்பிய ஆட்டத்தை இரண்டாவது ஏறக்குறைய முழுதாகவே அழித்துவிடுகிறது. கூடுதல் உலோகமோ உணரியோ தேவையில்லை. மீடிறன் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த இடம் இதுவே: பாரத்தின் வேலையை அறிவு செய்கிறது.

இந்தக் கணக்குக்கு அடிப்படையான எளிமை இசை இயக்கமும் ‘யங்கின் மட்டு’ என்பதும் நம் பிள்ளைகள் உயர்தரத்தில் படிப்பவைதான். பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகமும் இருக்கிறது. மலைச்சரிவுக்கான இயந்திரத்தைச் சமதரைக்காரர்கள் செய்து அனுப்பட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஆசிரியர்களே, அடுத்த செயன்முறை வகுப்பில் அந்தப் பிளேடை ஆடவிட்டு, கைபேசியின் மெதுவசைவுப் படத்தில் மாணவர்களை எண்ணச் சொல்லுங்கள். எண்ணியதும் கணித்ததும் ஒத்துப்போன பிறகு மோட்டர் வாங்கலாம்.