வெண்பனிக்கென்றே ஒரு டயர்!

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கார் கம்பெனிகளோடு டயர் தொழிற்சாலைகளும் உண்டு. ஒரகடத்தில் அப்பல்லோ டயர்ஸ் 2010ல் உற்பத்தியைத் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அந்த நிறுவனம், நெதர்லாந்து நாட்டின் விரெடெஸ்டைன் கம்பெனியை வாங்கியது. பனிக்கால டயருக்குப் பெயர்போன கம்பெனி அது!

டயரில் பனிக்காலம், வெயில்காலம் என்று தனித்தனியாக உண்டா? உண்டு. சாதாரண டயரின் ரப்பர், சுமார் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே விறைத்துப் போகும். சாலையை இறுகப் பிடிக்காது. பனிக்கால டயரின் ரப்பர் கலவை குளிரிலும் இளக்கமாகவே இருக்கும். பிளேடால் கீறியதுபோல அதன் மேல் ஏராளமான மெல்லிய வெட்டுகள் வேறு. அவற்றின் விளிம்புகள் வெண்பனியைக் கவ்விக்கொள்ளும். ஜெர்மனியில் 2010 முதல், பனி படர்ந்த சாலையில் ஓட்ட இத்தகைய டயர் கட்டாயம்.

நம் ஊருக்கும் வாங்கலாமா? வீண் செலவு! நம் மார்கழிப் பனியெல்லாம் அந்தப் பனியிடம் நிற்காது. ஒரகடத்தில் 7 டிகிரி குளிர் ஏது? நம் வெயிலில் அந்த இளகிய ரப்பர் சீக்கிரம் தேயும். பிரேக் போட்டால் வண்டி நிற்கவும் அதிக தூரம் ஆகும். லடாக்கில்கூட, வெண்பனி கொட்டினால் சாதாரண டயர் மேல் இரும்புச் சங்கிலி சுற்றி ஓட்டுகிறார்கள்.

நமக்கு வில்லன் ஐப்பசி, கார்த்திகை மழைதான். டயரின் பள்ளங்கள் தண்ணீரை வெளியே தள்ளும். மொட்டை டயரில் தண்ணீர் போக வழி ஏது? வேகமாகப் போனால் டயர் தண்ணீர் மேல் மிதக்கும். அப்போது பிரேக்கும் ஸ்டியரிங்கும் சொன்ன பேச்சு கேட்காது.

கார் டயரின் பள்ளத்துக்குள் குனிந்து பாருங்கள். ஆங்காங்கே 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் சின்ன ரப்பர் மேடுகள் தெரியும். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டதா? உடனே அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்!