கேட்டைத் தாண்டும் புரதம்

ஒரகடத்தை ஒட்டிய எங்கள் பள்ளியில் பல பிள்ளைகளின் பெற்றோர் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள். கழுத்தில் அடையாள அட்டை இல்லாவிட்டால் கேட்டைத் தாண்ட முடியாது என்பது இந்தப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும்.

மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனி டிஎன்ஏ உண்டு என்று பத்தாம் வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "அப்போ அதுக்கு வேண்டிய புரதத்தை எல்லாம் அதுவே செஞ்சுக்குமா சார்?" "ஆமாம்" என்றேன். இரவு படித்துப் பார்த்தபோதுதான் என் பதில் தவறு என்று தெரிந்தது. மனித மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ 13 புரதங்களுக்கு மட்டுமே செய்முறை வைத்திருக்கிறது. தேவையோ ஆயிரத்துக்கும் மேல். மற்றவை உட்கருவின் செய்முறைப்படி வெளியே, சைட்டோபிளாசத்தில் உருவாகி உள்ளே வர வேண்டும்.

மறுநாள் வகுப்பில் தவறை ஒப்புக்கொண்டு, அட்டையிலிருந்து தொடங்கினேன். இப்புரதங்களில் பலவற்றின் முன்முனையில் பொதுவாக 15 முதல் 50 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டு ஒன்று உண்டு. அதுவே அட்டை. புரதத்தின் முகவரி அதற்குள்ளேயே இருக்கிறது என்பதைக் கண்டறிந்ததற்காக 1999-இல் குந்தர் புளோபெல் நோபல் பரிசு பெற்றார்.

வெளிச்சவ்விலுள்ள 'டாம்' என்னும் புரதத் தொகுதி அட்டையை அடையாளம் கண்டு வழிவிடும். அடுத்த வாயில் உள்சவ்விலுள்ள 'டிம்'. உள்சவ்வின் உட்புறம் எதிர்மின்சுமை கொண்டது. அட்டை நேர்மின்சுமை கொண்டது. ஆகவே அட்டை உள்ளே ஈர்க்கப்படும். மீதியை உள்ளிருக்கும் துணைப் புரதங்கள் ஏடிபியைச் செலவிட்டு இழுக்கும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேட்ரிக் டி'சில்வாவின் குழு இந்த 'டிம்' வாயிலை ஆராய்ந்திருக்கிறது.

வாயில் குறுகலானது. மடித்த துப்பட்டாவை ஒரு வளையலுக்குள் நுழைக்கச் சொன்னேன், போகவில்லை. பிரித்து, நுனியை முதலில் விட்டு இழுத்ததும் வழுக்கிக்கொண்டு வந்தது. புரதமும் அப்படித்தான்: மடிப்புப் பிரிந்து நுழைகிறது, உள்ளே போய் மடிகிறது. அட்டையை ஒரு நொதி வெட்டிவிடுகிறது. "வேலைக்குப் போனதும் அட்டையைக் கிழிச்சிடுவாங்களா சார்?" என்று ஒருவன் கேட்டான். உவமை அங்கே நின்றுவிடுகிறது என்று சொன்னேன்.

முகவரி தவறினால்? கல்லீரலில் உள்ள ஒரு நொதி பெராக்சிசோமுக்குப் போக வேண்டியது. மரபணு மாற்றத்தால் சிலருக்கு அது மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய்விடுகிறது. நொதி இருந்தும் பயனில்லை. ஆக்சலேட் பெருகி, சிறுவயதிலேயே சிறுநீரகக் கற்கள் உண்டாகலாம், சிறுநீரகமே செயலிழக்கலாம்.

அடுத்த ஆண்டு இப்பாடத்தை "ஆற்றல் நிலையம்" என்ற வரியில் தொடங்க மாட்டேன். அந்த மாணவியின் கேள்வியில் தொடங்குவேன்.