களிம்பை நிறுத்தினால் முகம் சிவப்பதேன்?

உவரியிலிருந்து வரும் மாணவர் ஒருவர் முகப்பருவுக்காக ஓராண்டு ஒரு களிம்பைப் பூசி வந்தார். நிறுத்திய சில நாட்களில் முகம் சிவந்தது. கடற்கரை வெயிலில் எரிந்தது. காரணம் என்ன?

அக்களிம்பில் இருந்தது ஸ்டீராய்டு. அது பருவைக் குணப்படுத்துவதில்லை. தோலின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கி, சிவப்பையும் வீக்கத்தையும் அடக்கி வைக்கிறது. நாளடைவில் தோலும் மெலிகிறது.

ஒரு சுருள்வில்லை அழுத்திப் பிடித்துச் சட்டென்று விடுங்கள். துள்ளி எழுகிறதல்லவா? அதுபோலவே, களிம்பை நிறுத்தியதும் குழாய்கள் முன்னிலும் அதிகமாக விரிகின்றன, பருக்களும் பெருகுகின்றன. இதைக் கண்டு அஞ்சி மீண்டும் பூசுவது, வில்லை மீண்டும் அழுத்துவதேயாகும்.

தோலின் மேலடுக்கு ஏறக்குறைய ஒரு மாதத்தில் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. எனினும் மெலிந்த தோல் தேறப் பல மாதங்கள் ஆகலாம். அதுவரை வெயிலைத் தவிர்க்க வேண்டும். கடற்கரையில் குடை மட்டும் போதாது. உலர்ந்த மணல் புற ஊதாக் கதிர்களில் சுமார் 15 சதவீதத்தைத் திருப்பியனுப்பும்.

மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலில் 14 ஸ்டீராய்டுக் களிம்பு மருந்துகளை இந்திய அரசு 2018-இல் சேர்த்தது. எப்படி நிறுத்துவது என்பதையும் தோல் மருத்துவரிடமே கேளுங்கள். சிலருக்குப் படிப்படியாகக் குறைக்க வேண்டியிருக்கும்.