மேலே மழையா?

சீசன் வந்துவிட்டது, அருவிக்கு நடந்து போகிற மாதிரி ஒரு கட்டுரை வேண்டும், படத்துக்குத் தாராளமாக இடம் விடுங்கள் என்று ஆசிரியர் குழுவில் சொன்னார்கள். முதலில் குற்றாலம்தான் நினைவுக்கு வந்தது. குற்றாலத்தைப் பற்றி எழுதாத பத்திரிகையாளர் தமிழில் இன்னும் பிறக்கவில்லை என்பதால் அதை விட்டுவிட்டுக் கும்பக்கரைக்குக் கிளம்பினேன். பெரியகுளத்திலிருந்து எட்டு ஒன்பது கிலோமீட்டர் வண்டியில் போய், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்குகிற வழி எல்லோருக்கும் தெரிந்தது. நான் போனது தலைகீழ் வழி. கொடைக்கானல் வட்டக்கானலில் புறப்பட்டு, வெள்ளகவி ஊரைத் தாண்டி, காடும் கல்லுமாக இறங்கிக்கொண்டே வந்தால் கடைசியில் அருவி. ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் உயரத்தை ஒரே நாளில் முழங்காலால் இறக்கிவைக்க வேண்டும்.

ஐப்பசியின் ஒரு விடிகாலை. வனத்துறை அனுமதிச் சீட்டு பையில் இருந்தது. உடன் வந்த வழிகாட்டி அண்ணன் வெள்ளகவிப் பக்கத்துக்காரர். அறுபதை நெருங்கியிருப்பார். காலில் ரப்பர் செருப்பு, கையில் ஒரு கம்பு, அவ்வளவுதான். நான் நாலாயிரம் ரூபாய் ஷூ போட்டிருந்தேன். டால்பின் நோஸ் பாறையைத் தாண்டிய முதல் சரிவிலேயே இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தேன். அண்ணன் திரும்பிப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதுவே பெரிய மரியாதை.

"கருப்பா மினுமினுன்னு இருக்குற கல்லுல கால வைக்காதீங்க தம்பி. வெள்ளையா சொரசொரன்னு பூத்துக் கெடக்குதுல்ல, அது புடிக்கும். ரெண்டும் இல்லாட்டி கல்லுக்கு எடையில இருக்குற சரளைல மிதிங்க."

கறுப்பாக மின்னுவது பாசி. நீர் கசியும் கல்லில் கண்ணுக்குத் தெரியாத மெழுகு மாதிரி படிந்திருக்கும். வெள்ளையாகப் பூத்திருப்பது கற்பாசி, வெயில் படும் உலர்ந்த கல்லில் வளர்வது. அது இருக்கும் இடத்தில் தண்ணீர் அடிக்கடி ஓடுவதில்லை என்று பொருள். இந்த ஒரு வரிப் பாடத்தின் அருமை கீழே இறங்க இறங்கத்தான் தெரிந்தது.

சோலைக்குள் வெளிச்சம் குறைவு. வேர்கள் பாதையின் குறுக்கே படிக்கட்டு போலப் பின்னிக் கிடக்கின்றன. அட்டைக்குப் புகையிலைத் தண்ணீர் தடவிக்கொண்டோம், இருந்தும் என் கணுக்காலில் இரண்டு விருந்து சாப்பிட்டுவிட்டுப் போயின. ஓரிடத்தில் காட்டுமாட்டுச் சாணம் ஆவி பறக்கக் கிடந்தது. அண்ணன் கையைத் தூக்கி நிறுத்தினார். ஐந்து நிமிடம் பேச்சில்லாமல் நின்றோம். பிறகு ஒன்றும் நடக்காதது போல நடந்தோம். காட்டுமாட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம்தான், ஆனால் இந்தப் பயணத்தில் என்னைப் பிடித்துக்கொண்ட பயம் வேறு.

வெள்ளகவியின் எல்லையில் அண்ணன் செருப்பைக் கழற்றி ஒரு புதரடியில் வைத்தார். ஊர் முழுக்கக் கோயில்களும் சாமிக் கற்களும் என்பதால் ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. நானும் என் நாலாயிரம் ரூபாயைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். அண்மைக் காலம் வரை வண்டிப் பாதையே இல்லாத ஊர் இது. அரிசி மூட்டையிலிருந்து கேஸ் சிலிண்டர் வரை குதிரை முதுகில்தான் வந்தது. காபியும் ஆரஞ்சும் பட்டர் ஃப்ரூட்டும் குதிரை முதுகில்தான் போயின. பிரசவ வலி கண்டவளை டோலி கட்டித் தூக்கிப் போன கதை வீட்டுக்கு ஒன்று இருக்கிறது. 1845-இல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டியபோது சாலை ஏது? பெரியகுளம் பக்கமிருந்து இந்த மாதிரிக் கல்பாதைகளில்தான் ஆளும் பெட்டியும் ஏறின.

ஒரு வீட்டுத் திண்ணையில் கடுங்காப்பி கிடைத்தது. கொடுத்த அம்மா, வானத்தைப் பார்த்துவிட்டு அண்ணனிடம் கேட்டார்: "இவுகள எப்பக் கீழ கொண்டு போய்ச் சேப்ப?"

"ரெண்டு மணிக்குள்ள சேந்துருவோம் மதினி."

"வெரசாப் போ. மத்தியானத்துக்கு மேல எறங்கும் போலருக்கு."

எங்கள் மீது இறங்கும் என்று சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு என் மழைக்கோட்டைத் தட்டிக் காட்டினேன். அவர் சொன்னது அதுவல்ல என்று அரை மணி நேரம் கழித்து அண்ணன் விளக்கினார். இங்கே பெய்தால் நமக்கு நனையும், அவ்வளவுதான். கீழே குளிக்கிறவர்களுக்கு வேறு.

இந்த இடத்தில் கட்டுரை என் கையை விட்டுப் போய்விட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அழகு, குளிர்ச்சி, பறவைச் சத்தம் எல்லாம் குறிப்பேட்டில் இருக்கிறது. எழுத வருவது தண்ணீர் மட்டும்தான்.

கணக்கைப் பாருங்கள். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கும்பக்கரை மலையடிவாரத்தில். இரண்டுக்கும் நடுவே பறவை பறக்கும் தூரம் பத்துக் கிலோமீட்டருக்கும் குறைவு. மேலே வட்டக்கானலிலும் பாம்பாற்றின் தலைமாட்டிலும் வெள்ளகவிச் சரிவுகளிலும் பெய்யும் மழை அத்தனையும் செங்குத்துச் சரிவில் ஓடிவந்து ஒரே ஓடையில் சேர்கிறது. சரிவில் மண் கனம் குறைவு, அடியில் பாறை. இரண்டு நாள் மழையில் மண் குடித்து நிறைந்துவிட்டால், மூன்றாம் நாள் மழையில் ஒரு சொட்டைக்கூட அது வாங்கி வைக்காது. அப்போது ஓடை ஏறுவதற்கு மணிக்கணக்கு வேண்டாம், நிமிடக் கணக்குப் போதும். கீழே குளிப்பவரின் தலைக்கு மேல் பளிச்சென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

பெரியகுளம் பக்கம் செய்தித்தாள் படிப்பவர்களுக்கு இது புதிதில்லை. 'நீர்ப்பிடிப்புப் பகுதியில் மழை, கும்பக்கரையில் குளிக்கத் தடை' என்று வருஷத்துக்குப் பல முறை வருகிற செய்தி. அதைப் படித்துவிட்டு 'அய்யோ, லீவு வீணாப் போச்சே' என்கிறோம்.

தீ விஷயத்தில் நாம் இப்படி இல்லை. 2018 மார்ச் 11-இல் குரங்கணிக் காட்டுத்தீ வந்தது. 23 உயிர்கள் போயின. அதற்குப் பிறகு மலையேற்றத்துக்கென்று விதிகள் வந்தன, பாதைகளைத் தரம் பிரித்தார்கள், 2024 அக்டோபரில் 40 பாதைகளை இணையத்தில் பதிவுசெய்து நடக்கும் ஏற்பாடும் வந்தது. தீ நம் புத்தியில் உறைத்துவிட்டது. கோடையில் யாராவது காட்டுக்குப் போகிறேன் என்றால் வீட்டில் அம்மா தடுப்பார். தண்ணீர் அப்படி உறைக்கவில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் இறங்கி 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். மே மாதம்! சீசன்கூடத் தொடங்கவில்லை. ஜனங்கள் அலறி ஓடுகிற அந்த வீடியோவை நாம் எல்லோரும் பார்த்தோம், அடுத்தவருக்கு அனுப்பினோம், அடுத்த மாதமே குற்றாலத்துக்கு அறை பதிவுசெய்தோம்.

பாறைக்குக் கம்பி வேலி போட்டு, பாதைக்குப் படிக்கட்டு கட்டினால் தீர்ந்தது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வயதானவர்களுக்கு அது உதவும், மறுக்கவில்லை. காட்டுப்பக்கமே ஆளை விடக் கூடாது என்பவர்களும் உண்டு. இரண்டு கட்சியும் வெள்ளத்தோடு பேசிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

வெள்ளகவிக்குக் கீழே காடு மாறுகிறது. ஈரம் போய், உயரமான புல்லும் இலையுதிர் மரங்களும் பொடிகிற மண்ணும். கல் சுடுகிறது. இங்கே வழுக்குவது பாசியால் அல்ல, உருளும் சரளையால். பக்கவாட்டில் திரும்பி, முழங்காலை மடக்கி, கம்பை முதலில் ஊன்றி, அப்புறம் கால். அண்ணன் சொல்லித் தந்ததை நான் செய்யத் தொடங்கியபோது தொடைகள் தன்னால் ஆடிக்கொண்டிருந்தன. ஒரு திருப்பத்தில் ஓடையின் இரைச்சல் கேட்டது. அண்ணன் நின்றார்.

"இந்தச் சத்தத்த மனசுல வச்சுக்கங்க. கீழ போயி, இது மாறுச்சுன்னா நான் சொல்ற வரைக்கும் நிக்க வேணாம்."

"எப்படி மாறும்ணே?"

"இப்ப சலசலன்னு தனித்தனியாக் கேக்குதா? கூடுனா ஒரே இரைச்சலா வரும். லாரி வர்ற மாதிரி. அதுக்கு முன்னாடி தண்ணி மேல சருகு வரும். சுத்தமா ஓடுற தண்ணில திடீர்னு குப்பையும் சுள்ளியும் வந்தா, மேல ஓரத்துல கெடந்ததத் தண்ணி அள்ளிட்டு வருதுன்னு அர்த்தம். பொறவு கலர் மாறும். காப்பி கலருக்கு வந்தப்பறம் ஓடுறது லேட்டு."

சருகு, சத்தம், நிறம். ஒரு மனிதர் ஐம்பது வருஷமாகப் படித்த பாடத்தை மூன்று சொல்லில் நான் எழுதிக்கொண்டேன். இதில் அறிவியலும் ஒன்றும் தூரத்தில் இல்லை. ஏறுகிற நீர் முதலில் கரையோரக் குப்பையைத் தூக்குகிறது, அப்புறம் மண்ணைக் கரைக்கிறது. ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் காலில் மோதும் விசை நான்கு மடங்கு. முழங்கால் ஆழம்கூட வேண்டாம், வேகமாக ஓடும் அரையடித் தண்ணீர் வளர்ந்த ஆளை வழுக்குப் பாறையில் சாய்த்துவிடும்.

கும்பக்கரையில் பாறைகளைச் சும்மா பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது. நீர் பல காலமாகக் கூழாங்கற்களைச் சுழற்றிச் சுழற்றி அந்தக் கெட்டிப் பாறையில் குழி தோண்டி வைத்திருக்கிறது. ஆட்டுக்கல் குழி மாதிரி வழவழவென்று, விளிம்பு வட்டமாக. குழிக்கு உள்ளூர்ப் பெயர் கெஜம். ஒவ்வொன்றுக்கும் பேரும் உண்டு: யானை கெஜம், பாம்பு கெஜம், உரல் கெஜம் என்று. ஊர் ஒரு குழிக்குப் பேர் வைக்கிறது என்றால் அதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய காரணம் அதனிடம் இருக்கிறது. மேலே இரண்டு முழ அகலம் தெரிகிற கெஜம் உள்ளே எவ்வளவு குடைந்து போகிறது என்பது கரையிலிருந்து தெரியாது. உள்ளே நீர் சுழலும். பிடிக்க விளிம்பில் ஒரு சொரசொரப்பு இருக்காது. நுரை பொங்கும் இடத்தில் நீரோடு காற்று கலந்திருப்பதால் அது ஆளை மிதக்கவிடாது. நீச்சல் தெரியும் என்று குதிப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கிணற்றில் கற்ற நீச்சல் கெஜத்தில் செல்லாது.

நாங்கள் சேர்ந்தபோது இரண்டு அடிக்கப் பத்து நிமிடம். அருவி நிதானமாக விழுந்துகொண்டிருந்தது. எண்ணெய் வைத்த தலைகள், குழந்தைகளின் அலறல், வறுத்த மீன் வாசனை. குடும்பம் குடும்பமாக ஓடைப் பாறைகளில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலம் பிரித்திருந்தார்கள். நானும் ஷூவைக் கழற்றிவிட்டு ஒரு தட்டைப் பாறையில் காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஏழு மணி நேரம் நடந்த கால் அந்தக் குளிரில் என்ன சொன்னது என்பதைக் கவிஞர்கள் எழுதட்டும்.

திரும்பி மேலே பார்த்தேன். நாங்கள் காலையில் நின்ற மலை உச்சியைக் காணோம். சாம்பல் நிறத்தில் ஒரு சுவர் இருந்தது. எங்கள் தலைக்கு மேல் வெயில்.

அண்ணன் குளிக்கவில்லை. கரையில் குத்துக்காலிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி போயிருக்கும். ஒரு மூங்கில் இலை என் கணுக்காலைத் தொட்டுக்கொண்டு போனது. அடுத்து இரண்டு. அடுத்து ஒரு கைப்பிடிச் சருகு, நடுவில் ஒரு சுள்ளி. நான் ஏதோ அழகாக இருக்கிறதென்று போனை எடுத்தேன். "தம்பி, ஏறுங்க" என்று ஒரு குரல். அது அதுவரை நான் கேட்ட அண்ணனின் குரல் இல்லை. அவர் பக்கத்துப் பாறைக்காரர்களையும் கூப்பிட்டார். இரண்டு குடும்பம் எழுந்தது. ஒருவர், "தண்ணி இன்னும் தெளிவாத்தானே இருக்கு பெரியவரே" என்றார். காவலர்களின் விசில் அதற்குள் கேட்கத் தொடங்கியிருந்தது. விசிலுக்குத்தான் அவர் எழுந்தார், சாப்பாட்டுத் தூக்கை எடுக்க ஒருமுறை திரும்பியும் போனார்.

அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கால் மணி நேரத்தில் நீர் செம்மண் நிறத்துக்கு வந்தது. நான் உட்கார்ந்திருந்த தட்டைப் பாறை எது என்று கரையிலிருந்து தேடிப் பார்த்தேன், தெரியவில்லை. அந்த லாரிச் சத்தமும் வந்துவிட்டிருந்தது. எங்கள் மேல் ஒரு தூறல்கூட விழவில்லை.

இந்தச் சீசனில் எந்த மலையருவிக்குப் போனாலும் டிக்கெட் வாங்குமிடத்தில் கார் பார்க்கிங் எங்கே என்று கேட்பதற்கு முன்னால் 'மேலே மழையா?' என்று கேளுங்கள். தண்ணீரில் சருகு வந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கரையேறுங்கள். சாப்பாட்டுத் தூக்கு கிடக்கட்டும்.